பரிசு வாங்கிய புழுதி

மண்டபத்துக்குள் நுழைந்தவுடன் பல் டாக்டருக்கு மனசு குளிர்ந்துபோனது. கூட்டம் முழுக்க அவள் மேஜையைச் சுற்றித்தான் நின்றது. கன்னம் வீங்கி வந்த ஒரு நோயாளியைத் தட்டிக்கழிக்க முடியாமல் காலையெல்லாம் கிளினிக்கில் மாட்டிக்கொண்டு, வேலையின்போது போடும் பூதக்கண்ணாடியைக் கழுத்திலிருந்து கழற்றக்கூட மறந்து, மழையில் ஓடி வந்திருந்தாள். பரவாயில்லை, பார்க்க வேண்டியவர்கள் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, இரண்டு முதுகுகளுக்கு நடுவில் தலையை நுழைத்து எட்டிப் பார்த்தாள்.

பொம்மைச் சிப்பாய்கள் இருந்தார்கள். கட்டைவிரல் உயரத்தில், ஈட்டியும் தலைக்கவசமுமாக, வரிசை பிசகாமல் நின்றார்கள். கேடயங்களும் இருந்தன. கேடயங்களில் அவள் வரைந்த எதுவும் இல்லை. ஒவ்வொன்றும் வாயால் ஊதிய கண்ணாடி போல வெளுத்துக் கிடந்தது. சிங்கம் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு மங்கல். சேவல் இருந்த இடத்தில் இன்னொரு மங்கல்.

"அடப்பாவி," என்றாள். பக்கத்தில் நின்றவர் தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து விலகி வழிவிட்டார்.

அந்த அடப்பாவி அவள் கொழுந்தன். சாப்பாட்டு மேஜை முழுக்கப் பழங்காலப் படைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, சாதத்தட்டு வைக்க இடம் கேட்டால் "குதிரைப்படையைத் தள்ளாதீங்க" என்று கத்துவதால் வீட்டில் அவனுக்குத் தளபதி என்று பெயர். இவனைப் போலவே வளர்ந்த ஆட்கள் நிறையப் பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். விடுமுறை நாட்களில் பகடை உருட்டிப் போர் நடத்துவார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை யார் படை அழகு என்று இப்படி ஒரு போட்டி.

தளபதிக்கு முகம், கால், மேலங்கி எல்லாம் நன்றாகவே பூச வரும். கேடயம்தான் வராது. ஒருநாள் சிங்கம் வரைகிறேன் என்று உட்கார்ந்து உருளைக்கிழங்குக்கு மீசை வைத்த மாதிரி ஒன்றை வரைந்தான். பார்த்துச் சிரித்த அண்ணி, "குடு இங்க," என்று வாங்கினாள். வாங்கியது வாங்கியதுதான், அதற்கப்புறம் கேடயம் எல்லாம் அவள் பொறுப்பு.

சட்டைப் பொத்தான் அளவுதான் ஒரு கேடயம். சிப்பாயின் கையில் ஒட்டிவிட்டு வரைந்தால் ஈட்டி இடிக்கும் என்று தனியாகத்தான் வரைவாள். பல்குச்சி முனையில் கிளினிக் மெழுகை உருட்டி வைத்து, அதில் கேடயத்தைப் பதித்துக்கொள்வாள். முதலில் கறுப்பு, அப்புறம் விளிம்புக்கு வெண்கல நிறம், நடுவில் தண்ணீராகக் கரைத்த வெள்ளையை மேல் மேலாக. ஒன்று காய்ந்தபின்தான் அடுத்தது. அதன் மேல் படம். கடைவாயின் கடைசிப் பல்லுக்குள் ஊசி விடுகிறவளுக்குக் கை நடுங்காது. ஆனாலும் கோடு இழுக்கும்போது மூச்சை நிறுத்திக்கொள்வாள்.

அவளைப் பிடித்துக்கொண்டது ஒரு சின்ன விஷயம். அந்தப் படையில் அரசாங்கம் யாருக்கும் கேடயம் கொடுக்கவில்லை, அவனவன் தன் வீட்டிலிருந்து கொண்டு வந்தான் என்று தளபதி ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னான். "அப்ப எதுக்குடா எல்லாத்துலயும் ஒரே படம்?" என்று கேட்டவள், ஒன்றைப் போல இன்னொன்று இல்லாமல் வரைந்தாள். யாரை நினைத்து எதை வரைந்தாள் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். வீட்டில் யாரையும் விடிந்தபின் தூங்க விடாத மாமியாருக்குச் சேவல். எங்கே உட்கார்ந்தாலும் கண்ணசரும் கணவனுக்குச் சுருண்டு படுத்த பூனை. தாமதமாக வரும் நோயாளிகளைப் பார்வையிலேயே நடுங்க வைக்கும் கிளினிக் ரிசப்ஷன் பெண்ணுக்குச் சிங்கம். தனக்கு, முன்வரிசையின் நடுவில், கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல் ஒன்று, இரண்டு வேரோடு. எட்டுக்கால் பிராணிகள், ஆந்தை, நண்டு, கொம்பு உடைந்த காளை. பின்வரிசை ஓரத்தில் ஒரு நத்தை. அந்த நத்தையைப் பார்த்துவிட்டுத் தளபதி, "இது யாரு அண்ணி, நம்ம அண்ணனா?" என்று விழுந்து விழுந்து சிரித்தான். அவள் தூரிகையைக் கழுவினாள்.

கேடயங்களைக் கையில் ஒட்டுவதும் கடைசியாக வார்னிஷ் அடிப்பதும் அவன் வேலை. நேற்றே கிளினிக்கிலிருந்து போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "மழை விடட்டும். ஈரக்காத்துல வார்னிஷ் ஸ்ப்ரே அடிச்சா பூத்து வெள்ளையாயிடும். டப்பாவுலயே எழுதியிருக்கான்." அவனும் "சரி அண்ணி" என்றான். எதைச் சொன்னாலும் சரி அண்ணி என்கிறவனிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது இத்தனை வருஷத்தில் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

"தளபதி!"

கூட்டத்துக்கு நடுவில் கைகட்டி நின்றவன் திரும்பினான். முகத்தில் மாப்பிள்ளைக் களை.

"அண்ணி! வந்துட்டீங்களா? கொஞ்சம் மெதுவா பேசுங்க."

"நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கல."

அவள் முழங்கையைப் பிடித்துத் தண்ணீர் கேன் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனான். அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் கணவன் பாதிக் கண்ணை மூடியிருந்தான். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் இரண்டு கண்ணும் திறந்தன.

"வெளிச்சத்துல கேடயம் எல்லாம் பளபளன்னு மின்னுச்சு அண்ணி. மின்னினா மார்க் போயிடும். அதான் காலையில பால்கனியில வச்சு, கேடயத்து மேல மட்டும் மினுமினுப்பக் கொல்ற வார்னிஷ லேசா ஒரு அடி அடிச்சேன்."

"மழையில."

"தூறல்தான்."

"தூறலுக்கு ஈரம் கிடையாதா?"

"கேளுங்க முதல்ல. வெள்ளையானதும் செத்தேன்டான்னுதான் நானும் நெனச்சேன். வேற வழியில்லாம கொண்டு வந்து வச்சேன். நடுவர் வந்தாரு. குனிஞ்சாரு. அப்படியே நின்னுட்டாரு. 'தம்பி, இந்தப் புழுதி எப்படிப் பண்ணீங்க?'ன்னு கேக்கறாரு."

"நீ என்ன சொன்ன?"

தளபதி தண்ணீர் கேனைப் பார்த்தான். "கலர் பொடியக் கரைச்சு, ஸ்பாஞ்ச்ல ஒத்தி எடுத்தேன்னு..."

"பொய் சொன்ன."

"டெக்னிக் அண்ணி. எல்லாரும் சொல்றதுதான்."

இந்த உலகம் தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். பொம்மைச் சிப்பாயைப் புதிதாக வைத்திருப்பது இந்த ஆட்களுக்குப் பிடிக்காது. துணியில் சேறு, கவசத்தில் துரு, முகத்தில் களைப்பு என்று கண்டபடி அழுக்காக்கினால்தான் கைதேர்ந்தவன் என்பார்கள். அழுக்குக்கு அப்படி ஒரு மரியாதை. ஆகவே பாழாய்ப்போன ஒன்றைப் பார்த்தால், வேண்டுமென்றே செய்ததாக நினைத்துச் சொக்கிப்போவது இவர்களால் மட்டும்தான் முடியும்.

அதற்குள் மைக் கரகரத்தது. நடுவர் மேடையேறினார். சங்கத்தின் மூத்த ஓவியர். அவர் பூசிய குதிரைகளின் படங்கள் சுவரெல்லாம் மாட்டியிருந்தன. முதல் பரிசு தளபதியின் காலாட்படைக்கு என்றார். கைதட்டல் அடங்கியபின் காரணமும் சொன்னார்.

"நம்ம ஆளுங்க படம் வரைஞ்சே கேடயத்தக் கெடுத்துடுவாங்க. கண்ணு, மூக்கு, வாலுன்னு வரைஞ்சு தள்ளி, நம்மள வேற எதையும் பாக்க விடமாட்டாங்க. இந்தத் தம்பியும் அடியில என்னவோ வரைஞ்சிருக்காரு. ஆனா வரைஞ்சதையே புழுதியால மறைக்கறதுக்குத் துணிஞ்சாரு பாருங்க, அதுக்குத்தான் இந்தப் பரிசு."

அடியில என்னவோ. டாக்டரின் காது மடல்கள் சூடாயின.

தளபதி கோப்பையை வாங்கினான். மைக்கை அவன் கையில் கொடுத்தார்கள். எல்லாருக்கும் நன்றி சொன்னான். அம்மாவுக்கு நன்றி சொன்னான். எதிரில் நிற்கும் அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "கேடயத்துக்கு எங்க அண்ணியும் கொஞ்சம் உதவி பண்ணாங்க," என்றான்.

கொஞ்சம் என்ற அந்தச் சொல் மீன்முள் மாதிரி அவள் தொண்டையில் குத்தி நின்றது. பூனையின் மீசைக்காகத் தூரிகையில் மூன்று முடியை மட்டும் விட்டு மிச்சத்தை வெட்டி எறிந்தது கொஞ்சம். சேவலின் கொண்டை சரியாக வராமல் வழித்து வழித்து மறுபடி வரைந்தது கொஞ்சம். சரி, அதைக்கூட மன்னிக்கலாம். மறைத்ததற்குப் பரிசு வாங்கிக்கொண்டு, மறைந்ததற்கு உதவி என்று பெயர் வைக்கிறானே!

"விடும்மா," என்றான் கணவன். "சின்னப் பையன். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"உங்க தம்பிக்குத் தலையில வழுக்கை விழுந்தாச்சு, இன்னும் சின்னப் பையனா? படை வீட்டுக்கு எங்க போகுது? அங்க பாருங்க."

வாசல் பக்கம் இரண்டு பேர் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சங்கத்தின் வழக்கம் அது. ஜெயித்த படை அடுத்த போட்டி வரை அந்தப் பெட்டிக்குள் இருக்கும். பூட்டியபின் யாரும் தொடக் கூடாது, சொந்தக்காரன் உட்பட. பெட்டிக்குள் செருகுவதற்கு அட்டைகூடத் தயாராக இருந்தது. 'கேடயங்களில் புழுதி: அபாரம்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள். வருஷம் முழுக்க வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரும் அந்த வெள்ளை மங்கலைப் பார்த்து ஆஹா என்பார்கள். அவள் வரைந்ததை ஒருத்தர்கூடப் பார்க்கப் போவதில்லை.

மேஜையிலிருந்து பெட்டிக்குப் போவதற்குள் ஏதாவது செய்தால் உண்டு.

அவள் பெயிண்ட் கடைக்காரரிடம் போனாள். மண்டபத்து மூலையில் கலர் குப்பிகளையும் தூரிகைகளையும் பரப்பி வைத்திருந்தவர். அவள் வாயைத் திறக்குமுன் அவரே தணிந்த குரலில், "வார்னிஷ் பூத்துடுச்சாம்மா?" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தா தெரியாதா? இங்க பாதிப் பேருக்குத் தெரியும். நாங்களும் ஈரத்துல அடிச்சு அழுதவங்கதானே."

"அப்ப ஏன் யாரும் சொல்லல?"

"நடுவர் வாயத் திறந்து அபாரம்னுட்டாரு. அதுக்கப்புறம் போய் வார்னிஷ்னு சொல்லிட்டு, அடுத்த வருஷம் நாங்க எங்க படைய எடுத்துக்கிட்டு எந்த மூஞ்சியோட வர்றது?"

டாக்டருக்கு வந்த ஆத்திரத்தில் அவர் கடையையே கவிழ்த்திருப்பாள். அதற்குள் அவர் குனிந்து, பெயிண்ட் தெளிக்கும் கருவிக்குப் போடுகிற தையல் மெஷின் ஆயில் குப்பியை எடுத்து மேலே வைத்தார். "படம் எங்கயும் போகலம்மா. அடியில பத்திரமா இருக்கு. ஒரு சொட்டு ஆயில் தடவுங்க, தெளிஞ்சிடும். ரொம்ப ஊத்திடாதீங்க." புதுத் தூரிகை ஒன்றையும் பஞ்சுக் குச்சிகளையும் குப்பியோடு சேர்த்துத் தள்ளினார். "நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

கழுத்தில் தொங்கிய பூதக்கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு அவள் மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். முன்வரிசை முதல் சிப்பாயை அடிப்பாகத்தில் பிடித்துத் தூக்கினாள். ஆயிலில் தொட்டெடுத்த தூரிகையால் வெள்ளை மங்கலின் நடுவிலிருந்து விளிம்புக்கு ஒரு வட்டம் சுற்றினாள்.

முதலில் ஒரு கண் வந்தது. பிறகு பிடரி. பிறகு, தாமதமாக வந்த யாரையோ பார்த்து வாயைப் பிளந்த சிங்கம் முழுசாக வந்தது.

"ஐயோ, அந்தம்மா பரிசு வாங்கின பொம்மையத் தொடறாங்க!" என்றது ஒரு குரல். கூட்டம் மறுபடி கூடியது. தளபதி கோப்பையோடு ஓடிவந்தான்.

"அண்ணி, என்ன பண்றீங்க? அண்ணி, ப்ளீஸ். நாளைக்கு உங்களுக்கு வேற படை வாங்கித் தரேன்."

"எனக்கு எதுக்குடா படை? நான் யாரோட சண்டைக்குப் போறேன்?"

"இப்ப எங்கிட்ட போட்டுக்கிட்டுத்தானே இருக்கீங்க!"

"இது சண்டை இல்ல. இது தொடைக்கிறது."

இரண்டாவது சேவல். மூன்றாவது ஆந்தை. பின்னால் நின்றவர்கள் கால் விரலில் எழும்பினார்கள். நடுவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். கையில் பெட்டிச் சாவி.

"நிறுத்துங்கம்மா! யாரு நீங்க? இவ்வளவு அருமையான வேலைய அழிக்கிறீங்களே!"

"எது வேலை?" அவள் நிமிரவில்லை. "மழையில வார்னிஷ் அடிச்சதா?"

"என்ன சொல்றீங்க? இது புழுதி. பாலைவனத்துல நடந்து வந்த படையோட புழுதி."

"நடந்து வந்தா கால்ல இல்ல முதல்ல படியணும்?" சிப்பாயைத் திருப்பி அவர் கண்ணெதிரே நீட்டினாள். "செருப்பப் பாருங்க, இப்பத்தான் கடையில வாங்கின மாதிரி இருக்கு. முழங்கால் சுத்தம். நெஞ்சுக்கு நேரா மட்டும் புழுதி. தலைகீழா நடந்து வந்தானா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நடுவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, குனிந்து பார்த்தார். பார்த்தவர் தளபதி பக்கம் திரும்பினார்.

"தம்பி. ஸ்பாஞ்ச்னு சொன்னீங்க."

தளபதி கோப்பையை மார்போடு அணைத்துக்கொண்டான். பெயிண்ட் கடைக்காரர் குப்பிகளை ரொம்பக் கவனமாக வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்.

"வார்னிஷ்தான் சார்," என்றான் கடைசியில். "தூறல்ல அடிச்சேன்."

நடுவரின் முகம் சிவந்து வெளுத்தது. ஏமாந்தது வெளியில் தெரிந்த மனிதருக்கு வரும் கோபம் எப்போதும் ஏமாற்றியவன்மேல் திரும்புவதில்லை. அவளைப் பார்த்து, "பரிசு குடுத்தது புழுதிக்கு. அதையே நீங்க தொடைச்சுட்டீங்கன்னா பரிசும் இல்ல, பெட்டியும் இல்ல, தெரிஞ்சுக்கங்க," என்றார்.

"தாராளமா எடுத்துக்கங்க. புழுதியத்தான் திருப்பித் தர முடியாது."

"அண்ணி!" தளபதியின் குரல் உடைந்தது.

அவள் நடுச் சிப்பாயை எடுத்தாள். தூரிகை சுற்றியது. வெள்ளை விலகி, இரண்டு வேரோடு ஒரு கடைவாய்ப் பல் வெளியே வந்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. நடுவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கிளை கிடைத்தது.

"இது என்ன கூத்து? பழங்காலத்துல கேடயத்துல பல் வரைஞ்சாங்களா? எங்கயாவது ஆதாரம் இருக்கா?"

"ஏன், பழங்காலத்துல யாருக்கும் பல்லே இல்லையா?" இப்போதுதான் அவள் பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அவரை நேராகப் பார்த்தாள். "சார், புழுதிக்கு ஆதாரம் கேட்டீங்களா? கேக்கல. நான் உக்காந்து உக்காந்து வரைஞ்சதுக்கு மட்டும் கேக்கறீங்க. அடியில என்னவோ வரைஞ்சிருக்குன்னு சொன்னீங்களே, அந்த என்னவோ இதுதான். இப்பப் பாத்துட்டு நல்லா இல்லன்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன். பாக்காம மறைச்சது நல்லா இருக்குன்னு சொல்லாதீங்க."

நடுவர் மேஜையை நெருங்கி வந்தார். சிங்கத்தை எடுக்கலாமா என்று கையை நீட்டி, தொடக் கூடாது என்ற சங்கத்து விதி நினைவுக்கு வந்ததுபோல இழுத்துக்கொண்டார். குனிந்து சேவலைப் பார்த்தார், ஆந்தையைப் பார்த்தார். பல்லின் முன் கொஞ்சம் கூடுதலாக நின்றார். பிறகு பெட்டிப் பக்கம் போய் அந்த 'அபாரம்' அட்டையை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அடுத்த இடத்தில் இருந்த யானைப்படைக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டே போனார். நல்லா இருக்கு என்று சொல்லவுமில்லை, இல்லை என்று சொல்லவுமில்லை. அதுவும் அவளுக்குக் கோபமாகத்தான் இருந்தது.

கோப்பை கைமாறியது. கண்ணாடிப் பெட்டிக்குள் யானைகள் ஏறின. ஆனால் அந்தப் பக்கம் போன கூட்டத்தில் பாதி திரும்பி இங்கேயே வந்துவிட்டது. "பூனை தூங்குது பாருடா," என்றார் ஒருவர். "நண்டுக்கு ஒரு கால் குறையுதே?" என்றார் இன்னொருவர். "அது அப்படித்தான், சண்டையில போச்சு," என்று பதில் சொன்னது அவள் கணவன். தூக்கம் முழுசாகக் கலைந்து, செல்போன் விளக்கை அவள் கைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றான். பூனை யார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவன் சிரிப்பில் தெரிந்தது.

தளபதி மட்டும் நாற்காலியில் உம்மென்று உட்கார்ந்திருந்தான். முதல் பரிசு வாங்கி அரை மணி நேரம்கூட வைத்திருக்கவில்லை.

"இங்க வா," என்றாள்.

"எதுக்கு? இன்னும் திட்டறதுக்கா?"

"திட்டறது வீட்டுல. இப்ப இந்தப் பஞ்சுக் குச்சியப் பிடி. முன்வரிசை நான் முடிச்சாச்சு. மிச்ச வரிசை எல்லாம் நீ."

"அண்ணி, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். வெள்ளை அடிச்சவன்தான் தொடைக்கணும். மெதுவா, நடுவுலேர்ந்து வெளிய. அழுத்தின, கையத் திருகிடுவேன்."

எழுந்து வந்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே துடைத்தான். ஒன்று, இன்னொன்று. துடைக்கத் துடைக்க, தானே ஒட்டிய கேடயங்களை முதல் தடவையாகப் பார்க்கிறவன் மாதிரி முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோனான்.

"இந்தக் காளைக்குக் கொம்புல விரிசல்கூட வரைஞ்சிருக்கீங்க."

அவள் ஆயில் குப்பியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"அந்தச் சிங்கம் நான்தானே அண்ணி? முன்வரிசையில முதல் ஆளு."

"அது எங்க ரிசப்ஷன் பொண்ணு."

தளபதியின் கை நின்றது. "அப்ப நான் யாரு? நான் இருக்கேனா இல்லையா?"

"இருக்கே."

"எங்க?"

"தொடைச்சுக்கிட்டே போ. வருவ."

அவன் கடைசி வரிசைக்கு வந்தான். ஓரத்தில் நின்ற சிப்பாயை எடுத்து, பஞ்சுக் குச்சியை ஆயிலில் தொட்டு, நடுவிலிருந்து வெளியே, மெதுவாகச் சுற்றினான். முதலில் ஓட்டின் சுருள் வந்தது. பிறகு இரண்டு கொம்பு.

தளபதி அண்ணனைப் பார்த்தான். அண்ணன் செல்போன் விளக்கை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் பிடித்தான்.

"நிறுத்தாத," என்றாள் டாக்டர். "விளிம்புல இன்னும் வெள்ளை இருக்கு."